சுண்டாட்டம் கற்றுத் தந்த வேளையில்

திருப்பூரில் விரல்களுக்கு விலை உண்டு. ஓவர்லாக் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர், பிசிர் வெட்டுகிறவர், காஜா எடுத்துப் பட்டன் தைப்பவர், மடித்து உறையிலிடுபவர் என இவ்வூரில் உழைப்போர் பெரும்பாலோர் தம் விரல்களின் விரைவைக் கொண்டே வாழ்கின்றனர். ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும் இடத்தில், விரல் சற்று ஓய்ந்தாலும் அது சனிக்கிழமைச் சம்பளத்தில் தெரிந்துவிடும். ஆகவே, விரல்கள் விளையாடுவதற்கும் உரியவை என்று இங்கே ஒருவர் சொன்னால், அவரை வேலையற்றவர் என்றே பிறர் எண்ணுவர். நாங்கள் இருவரும் அப்படி எண்ணப்பட்டவர்களே. அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

நாங்கள் கணவனும் மனைவியும். எங்களில் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவர். மற்றவர் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் மணமுடித்து வெளியூர்களில் வாழ்கின்றனர். நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் ஏழு லைன் வீடுகள் உள்ளன. காலை எட்டரை மணிக்குள் அவற்றில் ஆறு பூட்டப்பட்டுவிடும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து, கடைக்குச் சென்று, பெண்கள் வீடு வந்து சேர இரவு ஒன்பதாகும். அதுவரை அந்த முற்றத்தில் எங்கள் குரல் மட்டுமே கேட்கும்.

2023 ஆம் ஆண்டு தேனிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கடைசி வீட்டுக்குக் குடிவந்தது. தந்தைக்குச் சாயப்பட்டறையில் இரவு வேலை. தாய் ஓவர்லாக் டெய்லர். ஒரே மகன், வயது பன்னிரண்டு, ஏழாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் அவன் பூட்டிய கதவின் முன் படியில் அமர்ந்திருப்பான். சாவி அவன் பையிலேயே இருக்கும். இருந்தும் திறக்கமாட்டான். தனியாக உள்ளே இருப்பதைவிடப் படியில் இருப்பது அவனுக்கு ஆறுதலாக இருந்தது போலும். சில நாள்களில் தெருமுனையில் நிற்கும் பெரிய பையன்களுடன் அவனைப் பார்த்தோம். அவர்கள் கைப்பேசியில் காசு வைத்து ஆடுபவர்கள். எங்கள் பீரோவின் பின்புறம் ஒரு சுண்டாட்டப் பலகை பல ஆண்டுகளாகச் சாய்ந்து கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து, ஒரு மாலை முற்றத்தில் நாற்காலியின் மேல் வைத்தோம். அவனை நாங்கள் அழைக்கவில்லை. நாங்கள் இருவரும் ஆடத் தொடங்கினோம். மூன்றாம் நாள் அவன் வந்து அருகில் நின்றான்.

நூல்களில் சுண்டாட்டம் என்றும் வீடுகளில் கேரம் என்றும் வழங்கும் இவ்வாட்டத்தை வாசகர் அனைவரும் அறிவர். ஒவ்வொரு பக்கமும் 74 சென்டிமீட்டர் அளவுள்ள வழவழப்பான பரப்பு. நான்கு மூலைகளில் நான்கு குழிகள். வெள்ளைக் காய்கள் 9, கறுப்புக் காய்கள் 9, சிவப்பு 1. இவற்றைச் சுண்டித் தள்ளும் ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேற்படாத எடையுள்ளது. மேலைநாடுகளில் பூல் என்னும் ஆட்டத்துக்குப் பச்சைத் துணி விரித்த பெரிய மேசையும் நீண்ட கோலும் அவற்றை வைக்க விசாலமான அறையும் வேண்டும். சுண்டாட்டத்துக்கு ஒரு பலகையும் ஒரு சிட்டிகை போரிக் பவுடரும் போதும். ஆட்டம் முடிந்ததும் சுவரில் சாய்த்துவிட்டு அதே இடத்தில் பாய் விரிக்கலாம். ஓரறை வீடுகளில் வாழும் மக்கள் இதைத் தமதாக்கிக்கொண்டதில் வியப்பில்லை.

முதல் நாள் அவன் அடித்த அடியில் காய் ஒன்று பலகையைத் தாண்டிப் பறந்து, அண்டை வீட்டுத் தண்ணீர்க் குடங்களிடையே ஒளிந்துகொண்டது. வலிமையாக அடித்தால் வெற்றி என்பது புதியவர் எல்லாருக்கும் தோன்றும் எண்ணம். நாங்கள் பத்தொன்பது காய்களையும் டப்பாவில் போட்டு மூடினோம். ஸ்ட்ரைக்கரை மட்டும் அவனிடம் தந்தோம். அடிக்கோட்டில் வைத்துச் சுண்ட வேண்டும். அது எதிர்ப்பக்கச் சட்டத்தில் பட்டுத் திரும்பி, புறப்பட்ட கோட்டுக்கே வந்து நிற்க வேண்டும். ஒரு வாரம் இதுவே பாடம் என்றோம். "காயே இல்லாம என்னங்க தாத்தா ஆட்டம்?" என்று கேட்டான். ஆயினும் ஆடினான். ஐந்தாம் நாள் ஸ்ட்ரைக்கர் ஊர்ந்து வந்து கோட்டைத் தொட்டு நின்றபோது, அவன் எங்களைப் பார்க்காமல் தன் விரலைப் பார்த்தான். தன் விரலுக்குள் ஓர் அளவுகோல் இருப்பதை அவன் அப்போதுதான் கண்டுகொண்டான்.

கற்பித்தலின் முதல் பயனை நாங்கள் அந்த வாரத்திலேயே பெற்றோம். கட்டைவிரலில் மாட்டிச் சுண்டினால் நகம் நோகும், குறியும் தவறும். ஆள்காட்டி விரலை நடுவிரலின் பிடியிலிருந்து நழுவவிட்டால் ஸ்ட்ரைக்கர் நேராகச் செல்லும். இதை எங்கள் கை நாற்பது ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறது. வாயால் சொல்லிப் பார்த்ததில்லை. அவனுக்குச் சொல்வதற்காக எங்கள் கையை நாங்களே மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. தோள் எங்கே தளர்கிறது, மணிக்கட்டு எங்கே நிலைக்கிறது, மூச்சு எப்போது அடங்குகிறது என்றெல்லாம் கவனித்தோம். பனியன் கம்பெனிகளில் தொழில் பழகும் பையன்கள் பார்த்துத்தான் பழகுகிறார்கள். விளக்கிச் சொல்ல அங்கே எவருக்கும் நேரமிருப்பதில்லை. கத்திக்கும் துணிக்கும் இடையில் தம் கை என்ன செய்கிறது என்பதைக் கட்டிங் மாஸ்டராக இருந்த எங்களில் ஒருவர், ஒரு சிறுவனுக்குச் சுண்டாட்டம் கற்பிக்கும்போதுதான் சொற்களில் உணர்ந்தார். தெரிந்த ஒன்றைப் பிறருக்குத் தரும்போது அது இரண்டாம் முறையாக நமக்குக் கிடைக்கிறது.

கற்பிக்கும் முறையில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஒருவர், எந்தக் காயை எங்கே அடிக்க வேண்டும் என்று உடனே காட்டிவிட வேண்டும் என்பார். மற்றவர், அவனே பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பார். இருவர் சொல்வதையும் கேட்டுச் சிறுவன் தனக்கென ஒரு வழியைக் கண்டான். இலேசான அடிகளுக்குத் தானே யோசிப்பான். சட்டத்தில் பட்டுத் திரும்பும் அடிகளுக்கு மட்டும் தாத்தாவிடம் கேட்பான். ஒன்பதாம் வகுப்பு வந்தபின் அதையும் நிறுத்திவிட்டான். "டீச்சர் பாட்டி, கண்ணாடியில வெளிச்சம் படுற மாதிரிதான் இதுவும். படுகோணம் எவ்வளவோ அவ்வளவுதான் திரும்புற கோணமும்" என்று விரலால் பலகையின் மேல் கோடு வரைந்து காட்டினான். ஸ்ட்ரைக்கர் சுழன்று சென்றால் அக்கணக்குச் சற்று மாறும் என்பதையும் அவனே அடித்துப் பார்த்து அறிந்தான். புத்தகத்தில் இருந்த ஒரு வரி அவன் விரல் நுனியில் உயிர்பெற்றதைக் கண்டபோது, ஆசிரியையாக இருந்தவருக்குக் கண் கலங்கியது.

ஆட்டத்தின் இடையே கதைகளும் வரும். திருப்பூரிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் நண்பகலுக்குள் உதகை சேரலாம். அங்குள்ள மன்றத்தில்தான் 1882 ஆம் ஆண்டு ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் எழுதி வைக்கப்பட்டன என்று அவனுக்குச் சொன்னோம். நெவில் சேம்பர்லேன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1875-இல் ஜபல்பூரில் தொடங்கிய ஆட்டம் அது. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான சேம்பர்லேன் வேறு ஒருவர். மலைமேல் இருந்த அந்த மன்றம் அன்று வெள்ளையர்களுக்கு உரியது. காலம் மாறியது. 1958 ஆம் ஆண்டு வில்சன் ஜோன்ஸ் கல்கத்தாவில் பில்லியர்ட்ஸ் உலகப் பட்டத்தை வென்றார். தனிநபர் விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே.

சுண்டாட்டத்தின் கதையோ நமக்கு இன்னும் நெருக்கமானது. பன்னாட்டுச் சுண்டாட்டக் கூட்டமைப்பு 1988-இல் உருவானது நம் சென்னையில்தான். 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்று அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2008-இல் பிரான்சு நாட்டில் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடியில் வளர்ந்தவர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமாவின் தந்தை ஆட்டோ ஓட்டுநர். இவற்றையெல்லாம் கேட்டுவிட்டுச் சிறுவன் கேட்டது ஒன்றே: "அவங்க வீட்டுலயும் அடிச்சா காய் கட்டிலுக்கு அடியில போயிருமா தாத்தா?" போயிருக்கும் கண்ணு, கட்டாயம் போயிருக்கும் என்றோம். அவனைப் பட்டம் வெல்பவனாக ஆக்கும் எண்ணம் எங்களுக்கு இருந்ததில்லை. ஆனால் வென்றவர்கள் தன்னைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்று ஒரு பிள்ளை அறிவது நல்லது.

ஒரு முடிவை நாங்கள் முதலிலேயே எடுத்திருந்தோம். அவனுக்காக விட்டுக்கொடுத்து ஆடுவதில்லை என்பதே அது. இதனை இரக்கமற்ற செயலாகச் சிலர் கருதலாம். சிறுவர்களுக்கு நம் முகம் தெரியும். விட்டுக்கொடுத்த வெற்றியை அவர்கள் கையில் வாங்கிக்கொள்வார்கள். உள்ளத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அவன் ஐந்து மாதங்கள் தோற்றான். சில நாள்கள் முகம் சுருங்கி எழுந்து போவான். மறுநாள் நாலரை மணிக்குப் பலகையை அவனே எடுத்து வைத்திருப்பான். ஒரு மாலை இருபத்தைந்து புள்ளிகளை எங்களுக்கு முன் எட்டிவிட்டான். துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தோம். அவன் காய்களை மெல்ல நடுவட்டத்தில் அடுக்கிக்கொண்டே, "விட்டுக் குடுத்தீங்களா?" என்றான். இல்லை என்று எங்களால் உண்மையாகச் சொல்ல முடிந்தது. அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகவே ஐந்து மாதங்கள் அவனைத் தோற்கவிட்டிருந்தோம் என்று அப்போது புரிந்தது.

மற்றொரு மாலை, அவன் கையை நீட்டியபோது சட்டைக் கை பட்டு எங்கள் கறுப்புக் காய் ஒன்று குழியின் வாயிலிருந்து சற்று விலகியது. நாங்கள் இருவரும் அப்போது வாசலில் பால்காரரிடம் பேசிக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து அமர்ந்தபோது, "தாத்தா, நான் தொட்டுட்டேன். மைனஸ்" என்று தன் வெள்ளைக் காய் ஒன்றை எடுத்து நடுவில் வைத்தான். அந்த ஆட்டத்தில் அவன் ஒரு காயில் தோற்றான். எவரும் பாராதபோது தன்மேல் தானே தீர்ப்பளிக்கும் இந்தப் பண்பை நாங்கள் அவனுக்குக் கற்பித்ததாகச் சொல்ல இயலாது. ஆட்டம் அதற்கொரு வாய்ப்பைத் தந்தது; அவன் அதனை ஏற்றுக்கொண்டான். சிவப்புக் காயை எடுத்தவர் அடுத்து ஒரு சொந்தக் காயையும் போட்டால்தான் அது அவருடையது; இல்லையேல் சிவப்பு மீண்டும் நடுவுக்குப் போய்விடும். கிடைத்ததை நிலைநிறுத்தும் பொறுப்பு கிடைத்தவருக்கே என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலும் சொல்லியதில்லை.

இவ்வாறு இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2025 ஆகஸ்டு இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது. அந்நாட்டு வாடிக்கையாளரை நம்பியிருந்த கம்பெனிகள் பலவற்றில் ஆர்டர் குறைந்தது. அச்சிறுவனின் தாய் வேலை செய்த இடத்தில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாயிற்று. பின்னர் வாரத்தில் சில நாள்கள் அதுவும் இல்லை. ஊரில் ஒரு கடன், இங்கே வீட்டு வாடகை, மாதச் சீட்டு என எல்லாம் ஒருங்கே கழுத்தை நெரித்தன. அவனுக்குப் பதினான்கு நிறைந்திருந்தது. பதினான்கு நிறையாதவரைத் தொழிற்கூடங்களில் அமர்த்தலாகாது என்னும் சட்டத்தின் வேலி முடிகிற வயது அது. ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே, தலை நிமிராமல், "அரைப் பரீட்சை முடிஞ்சதும் கைமடி வேலைக்குப் போகப் போறேன் தாத்தா. பேசியாச்சு" என்றான். அவன் அப்போது அடித்த அடி குறி தவறவில்லை. அதுவே எங்களுக்கு அதிக வேதனையாக இருந்தது.

எங்களுக்கு அங்கே என்ன உரிமை? பெற்றோரின் பசியை அறியாத அறிவுரை கொடுமையானது. ஆயினும் பேசாதிருப்பதும் எங்களால் ஆகவில்லை. வேலை குறைந்ததால் அவன் தாய் அந்நாள்களில் மாலை ஆறு மணிக்கே வீட்டில் இருந்தார். ஒருநாள் அவரை அழைத்து, "கொஞ்சம் உட்காரும்மா, ஒரு ஆட்டம் பார்த்துட்டுப் போ" என்றோம். அவர் தயங்கியபடி நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தார். அதுவரை மகன் ஆடி அவர் கண்டதில்லை. இரண்டு ஆண்டுகளாக அவன் ஆடிய நேரமெல்லாம் அவர் தைத்துக்கொண்டிருந்த நேரம்.

சற்று நேரம் கழித்து, நாங்கள் எழுந்து எங்கள் இடத்தை அவருக்குக் கொடுத்தோம். மகன் தாய்க்குச் சொல்லித் தரத் தொடங்கினான். எங்கள் சொற்கள் அவன் வாயிலிருந்து வந்தன. பிறகு அவனுடைய சொற்களும் வந்தன. அவர் விரல்கள் எந்திர விரைவுக்குப் பழகியவை. ஸ்ட்ரைக்கரை வைத்ததும் படபடவென்று அடித்தார். அவன் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "மெதுவாம்மா. இங்க யாரும் பீஸ் எண்ண மாட்டாங்க" என்றான். அந்தத் தாய் சிறிது நேரம் பலகையைப் பார்த்தபடி இருந்தார். பின்னர் எங்கள் பக்கம் திரும்பி, "இவ்வளவு பொறுமையாச் சொல்லிக் குடுக்கத் தெரியுதேங்க இவனுக்கு" என்றார். அதற்குமேல் அன்று எவரும் வேலையைப் பற்றியோ பள்ளியைப் பற்றியோ பேசவில்லை.

சுண்டாட்டம் அவனைப் பள்ளியில் நிறுத்தியது என்று எழுதினால் அது மிகையாகும். தந்தை சாயப்பட்டறையில் கூடுதல் நேரம் வாங்கிக்கொண்டார். ஊர்க் கடனுக்குத் தவணை நீட்டிக்கப்பட்டது. தாய் பழைய கம்பெனியை விட்டு உள்நாட்டுச் சரக்குத் தைக்கும் பவர் டேபிள் ஒன்றுக்கு மாறினார். இவற்றால்தான் அரைப் பரீட்சைக்குப் பின்னும் அவன் பள்ளிக்குச் சென்றான். ஆயினும், இவன் படிக்க வேண்டியவன் என்று ஒரு தாய் தன் கணவரிடம் சொல்வதற்கு, அவனுள் இருக்கும் ஏதோவொன்றைத் தன் கண்ணால் கண்டிருக்க வேண்டும். மதிப்பெண் அட்டையில் அது தெரியாது. அதைப் படித்துப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை. தன் கையைப் பிடித்து நிறுத்திய மகனின் கையில் அது தெரிந்தது. அவ்வளவே எங்கள் பங்கு. பத்தாம் வகுப்பும் அதற்கப்பால் வரும் ஆண்டுகளும் இனிமேல்தான் இருக்கின்றன. அவற்றில் எத்தனை வரி உயரும், எத்தனை ஆர்டர் குறையும் என்று யார் சொல்ல முடியும்?

ஓர் இளம் தொடக்கக்காரருக்கு விளையாட்டைக் கற்பிப்பதால் முதியவர்க்கு என்ன கிடைக்கிறது என்று நண்பர்கள் எங்களைக் கேட்பதுண்டு. பணம் இல்லை, புகழும் இல்லை. நாலரை மணிக்கு நம்மை எதிர்பார்த்து ஒருவர் இருக்கிறார் என்னும் எண்ணம் கிடைக்கிறது. கை நடுங்கத் தொடங்கிய வயதில், அந்தக் கை அறிந்தது வீணாகாமல் இன்னொரு கையில் குடியேறுவதைக் காணும் நிறைவு கிடைக்கிறது. நம்மை ஒருவர் வென்று, அந்த வெற்றி நமக்கே இனிப்பது எப்படி என்னும் அரிய அனுபவம் கிடைக்கிறது. இன்று எங்களில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் பத்து ஆட்டங்களில் ஏழு தோற்கிறார். தோற்ற நாள்களில் அவர் கூடுதலாக ஒரு தோசை உண்பதை மற்றவர் கவனித்திருக்கிறார்.

நம் ஊர்களில் பூட்டிய கதவுகளின் முன் படிகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் பலர். பெற்றோர் அவர்களை மறந்துவிடவில்லை; அவர்களுக்காகவே எந்திரங்களின் முன் அமர்ந்திருக்கின்றனர். அந்த இடைப்பட்ட நான்கு மணி நேரத்தை யார் நிரப்புவது என்பதே கேள்வி. நாம் நிரப்பாவிட்டால் அதனை நிரப்பக் கைப்பேசியும் தெருமுனையும் காத்திருக்கின்றன. பெரிய திட்டங்கள் தீட்டுவோர் தீட்டட்டும்; அவையும் வேண்டியவையே. ஆனால் வாசகர்களில் பலர் வீட்டில், பீரோவின் பின்னாலோ கட்டிலின் அடியிலோ, தூசி படிந்த பலகை ஒன்று இருக்கக்கூடும். அதை எடுத்துத் துடையுங்கள். முற்றத்தில் வையுங்கள். யாரையும் அழைக்க வேண்டாம்; நீங்கள் ஆடத் தொடங்குங்கள். மூன்றாம் நாள் ஒரு பிள்ளை வந்து அருகில் நிற்கும்.